கண் முன்னே இருப்பதைக் காணாமல் விடுவது ஏன்?

கவனம் வேறொன்றில் ஆழ்ந்திருக்கும்போது, கண் முன்னே தெளிவாக இருப்பதையும் காணாமல் விடுவதே 'கவனக் குருடு' எனப்படுகிறது. கண்ணில் விழும் அனைத்தையும் மூளையால் ஒரே வேளையில் விரிவாக ஆராய முடியாது. ஆகவே தேடும் பொருளுக்கு முதலிடம் கொடுத்து மற்றவற்றைப் பெரும்பாலும் கைவிடுகிறது. உளவியலாளர்களான டானியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், காணொளியில் பந்து கைமாறுவதை எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேர், நடுவே நடந்து சென்ற கொரில்லா வேடதாரியைக் கவனிக்கவில்லை.

மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் கல்முனை பஸ்ஸின் பலகையையே தேடி நிற்பவர், எதிரே வரும் மச்சானைக் காணாமல் விடுவதும் இவ்வாறே. மச்சானோ, "கண்டும் காணாத மாதிரி நிக்கான்" என்று மனத்தாங்கல் கொள்வார். நமக்குத் தெரிவது பிறருக்கும் தெரிந்தே இருக்கும் என்ற இந்த நம்பிக்கைதான், என் பார்வையில், அதிக வம்பை வளர்க்கிறது.

இதைக் கண்ணின் குறைபாடு என்று பலர் எண்ணுகின்றனர். பார்வை சீராக உள்ளவர்களுக்கும் நேர்வதால், இது மூக்குக்கண்ணாடியால் தீர்வதன்று.