கையில் எடுக்க வேண்டாத செல்லப்பிராணி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் படிக்கும் என் மகன் மெக்சிகோவைச் சேர்ந்த, முழங்கால் சிவந்த டாரன்டுலா என்ற பெரிய சிலந்தி ஒன்றை வளர்க்கிறான். மூன்று வாரங்களாக அது எதையும் உண்ணவில்லை. இரையாகப் போட்ட சுவர்க்கோழி அதன் முதுகிலேயே ஏறித் திரிகிறது. இது நோயா? கையில் எடுத்துப் பழக்கினால் சரியாகுமா? இப்படி ஓர் உயிரை வளர்ப்பது முறைதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வயிறு சுருங்காமல் பருத்தே இருந்தால் கவலை வேண்டாம். வளர்ந்த டாரன்டுலா தோலுரிப்பதற்கு முன் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட, இரையைத் தொடாது. வயிற்றின் மேல் முடி உதிர்ந்த திட்டு இருந்து, அது கறுத்துப் பளபளத்தால், வேளை நெருங்கிவிட்டதென்று கொள்ளலாம். ஒருநாள் அது மல்லாந்து கிடக்கும். செத்துவிட்டதென்று எண்ணித் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய தோலிலிருந்து எட்டுக் கால்களையும் உருவிக்கொண்டு வெளிவர மணிக்கணக்காகும் என்பதோடு, அப்போது அதன் உடல் முழுவதும் மென்மையாக இருப்பதால், நீங்கள் சொல்லும் அந்தச் சுவர்க்கோழியே அதைக் கடித்துக் குதறிவிடக்கூடும். ஆகவே இரையை இன்றே எடுத்துவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் விட்டுவையுங்கள். புதிய நச்சுப்பற்கள் முதலில் வெண்மையாக இருந்து, பின்பு சிவந்து, கடைசியில் கறுத்து இறுகும். அதுவரை உணவு கொடுக்கக் கூடாது.

கையில் எடுத்துப் பழக்கும் யோசனையை மகன் கைவிடுவது நல்லது. சிலந்திக்கு வளர்ப்பவரிடம் பாசம் என்று ஒன்று இல்லை. அது கையில் அமைதியாக இருப்பதை நாம்தான் நட்பென்று எண்ணிக்கொள்கிறோம். இடுப்பளவு உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு கிழிந்து இறந்துவிடக்கூடிய உயிர் அது. இந்த இனத்தில் கடியைவிட முடியே பெரிய தொல்லை: மிரண்டால் பின்னங்கால்களால் வயிற்றைத் தேய்த்து முடிகளை உதறும், முள்முனை கொண்ட அவை கருவிழியில் தைத்துவிட்டால் எடுப்பது கடினம். பெட்டியைச் சுத்தம் செய்யும்போதும் முகத்தை அருகில் கொண்டுபோக வேண்டாம்.

முறையா என்று கேட்டீர்கள். காட்டிலிருந்து பிடித்து விற்றதை வாங்கியிருந்தால் முறையில்லை என்பேன். இந்தச் சிலந்தியைச் செல்லப்பிராணிச் சந்தைக்காக அளவின்றிப் பிடித்ததால்தான் 1985-இல் அதன் பன்னாட்டு வணிகம், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. வளர்ப்பிடத்தில் பொரித்த குஞ்சு என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பெண்ணாக இருந்தால் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும், மகன் வேலைக்கு வெளியூர் போனால் யார் பார்ப்பது என்பதை இப்போதே பேசிவிடுங்கள். ஆண் முதிர்ச்சியடைந்த பின் ஓரிரு ஆண்டுகள் இருந்தாலே அதிகம். எது என்பதை உரித்த தோலின் வயிற்றுப் பகுதியை விரித்து, உட்புறத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்து அறியலாம் என்பதால், அதை எறிந்துவிடாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.