ஸ்டூல் போட்டாச்சு, யாரும் உட்காரலையே!

கேள்வி: இருபது வருடமாக ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். நான்கு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். காலை பத்து மணிக்கு வந்தால் இரவு எட்டு ஆகும். கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை உண்டு என்று செய்தியில் படித்த பிறகு மனசு கேட்காமல் நான்கு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். மூன்று மாதமாகியும் ஒருவரும் உட்காரவில்லை. இப்போது அந்த ஸ்டூல்களில் சேலைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கூட்டாளியான என் தம்பி, “அவங்களே கேக்கல, நீ ஏன் பழக்கிவிடுற? அவங்க உட்கார்ந்தா வியாபாரமும் உட்கார்ந்துடும்” என்கிறான். எதிரே உள்ள பெரிய கடையில் எல்லோரும் நிற்கத்தான் செய்கிறார்கள். நான் செய்தது நியாயமா, இல்லை தேவையில்லாத வேலையா? (பெயர் வெளியிட வேண்டாம், விருதுநகர் மாவட்டம்)

பதில்:

அன்புள்ள ஐயா,

நியாயம்தான். ஆனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. சேலைப் பெட்டி ஏறிவிட்ட ஸ்டூல், அங்கே வேலை செய்யும் பெண்ணுக்குச் சரக்கு வைக்கிற இடமாகிவிடுகிறது. கல்லாவில் முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அதில் உட்கார யாருக்குத் துணிச்சல் வரும்?

என் அத்தை மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பதினாலு வருடம் சேலைப் பிரிவில் நின்றார். நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பையை வைத்துவிட்டுச் சுவரோரம் மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் தூக்கிச் சுவரில் சாய்த்துக்கொள்வார். வெள்ளையடித்த சுவரில் அவர் குதிகால் பட்டுப் பட்டு இரண்டு பழுப்பு வட்டம் விழுந்திருந்தது. பாதத்தில் செருப்பு வார் பதிந்த தடம் பள்ளமாகத் தெரியும். சின்னப் பிள்ளையான நான் பக்கத்தில் விரலால் அழுத்திப் பார்ப்பேன். குழி விழும், அப்புறம் மெதுவாக மேலே வரும். “கால்ல நீர் கோத்திருக்குடி” என்பார், அவ்வளவுதான். அந்தக் கடையில் உட்காரக் கூடாது என்று எங்கும் எழுதிப் போட்டிருக்கவில்லை. சேர்ந்த புதிதில் ஒருநாள் துணிக்கட்டின் மேல் சாய்ந்ததற்கு மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் ஏதோ ஒரு வார்த்தை சொன்னாராம். அந்த ஒரு வார்த்தை பதினாலு வருடத்துக்குப் போதுமானதாக இருந்தது.

உங்கள் கடைப் பெண்களும் இதற்கு முன்னால் வேறு கடைகளில் நின்றிருப்பார்கள். அங்கே கேட்ட வார்த்தை இன்னும் காதில் இருக்கும். “அவங்களே கேக்கல” என்று தம்பி சொல்வதற்கு இதுதான் பதில். கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

இந்தக் கோரிக்கையைக் கேரளத்தில் பெண்கள் தெருவில் இறங்கிக் கேட்டார்கள். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் முதலில் கழிப்பறை வேண்டும் என்று போராடினார்கள், அடுத்து இருக்கை வேண்டும் என்று போராடினார்கள். 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா வந்து, 1947ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே உட்காரச் சந்தர்ப்பம் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள எல்லா ஊழியர்களுக்கும் ஏற்ற இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது. எதிரே உள்ள பெரிய கடைக்கும் சேர்த்துத்தான். அவர்கள் செய்யாதது உங்களுக்குச் சலுகை ஆகிவிடாது. பிரிட்டனில் 1899லேயே மூன்று பெண் ஊழியருக்கு ஒரு இருக்கை என்று சட்டம் போட்டுவிட்டார்கள். அதன் பிறகும் அங்கே கடைகள் நடக்கத்தான் செய்தன என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

சட்டம் இருக்கட்டும், உடம்பைப் பார்ப்போம். காலுக்கு இறங்கிய ரத்தம் மறுபடி இதயத்துக்கு ஏறி வர வேண்டும். அதற்குப் பெரிய துணை கெண்டைக்கால் தசை. நாம் நடக்கும்போது அது சுருங்கிச் சுருங்கி உள்ளே இருக்கும் சிரைகள் என்ற ரத்தக் குழாய்களைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஏறிய ரத்தம் திரும்ப இறங்காமல் சின்னச் சின்ன வால்வுகள் தடுக்கின்றன. அசையாமல் நின்றால் இந்தப் பிழிதல் நின்றுபோகிறது. அப்படி நிற்பவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் (பாதரச அளவு) வரை ஏறும். கொஞ்சம் நடந்தால் 30க்குப் பக்கமாக இறங்கிவிடும். வருடக்கணக்கில் அழுத்தம் இறங்காமலே இருந்தால் வால்வுகள் தளர்ந்து, ரத்தம் தேங்கி, கால் முழுக்கச் சிரைகள் பச்சையும் நீலமுமாகச் சுருண்டுகொள்கின்றன. நரம்புச் சுருட்டு என்கிறோமே, அது உண்மையில் நரம்பே இல்லை, ரத்தக் குழாய். கால் மட்டும்தான் கெடும் என்றும் நினைக்க வேண்டாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பன்னிரண்டு வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிடப் பெரும்பாலும் நின்றே வேலை செய்தவர்களுக்கு இதய நோய் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வந்திருந்தது.

நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதும் கெடுதல்தான் ஐயா. கல்லாவில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் நடை வேண்டும். மாற்றி மாற்றி வருவதைத்தான் உடம்பு கேட்கிறது. நீங்கள் மணிக்கு ஒருமுறை எழுந்து சேலை மடிக்கப் போங்கள். கல்லாவை அந்த நேரம் அவர்களில் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இனி ஸ்டூலுக்கு வருகிறேன். நாளைக் காலை கடை திறந்ததும் நீங்களே உங்கள் கையால் பெட்டிகளை இறக்கி வையுங்கள். பொதுவாக எல்லோரையும் பார்த்து அறிவித்தால் வேலைக்கு ஆகாது. நான்கு பேரில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “உட்காருங்கம்மா, கூட்டம் வந்தா எழுந்துக்கலாம்” என்று சொல்லுங்கள். அவர் உட்கார்ந்தால் மற்ற மூவரும் உட்காருவார்கள். தம்பி பக்கத்தில் இருக்கும்போதே சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வெளியே போன நேரத்தில் அவர் பார்க்கும் ஒரு பார்வையில் எல்லோரும் மறுபடி எழுந்துவிடுவார்கள். அவரிடம் முதலில் தனியாகப் பேசிவிடுவது நல்லது. காலையில் தேநீர் நேரத்தில் பேசுங்கள், மாலைக் கூட்டத்தில் வேண்டாம்.

ஸ்டூலின் உயரத்தையும் பாருங்கள். மிகத் தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு முறையும் எழுந்திருக்க முட்டி வலிக்கும், கவுண்டருக்குப் பின்னால் ஆள் மறைந்தும் போவார். கொஞ்சம் உயரமாக, முதுகுக்குச் சாய்மானம் உள்ளதாக இருந்தால் உட்கார்ந்தபடியே மடிக்கலாம், பில் போடலாம், வாசலில் ஆள் வருவதும் தெரியும். உட்கார்ந்த முகம் வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. இருபது வருடமாக வாடிக்கையாளர்கள் உங்களைக் கல்லாவில் உட்கார்ந்த கோலத்தில்தானே பார்த்து வருகிறார்கள்? ஒருநாளாவது யாராவது அதை மரியாதைக் குறைவு என்று சொன்னார்களா?

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. பத்து மணிக்கு வந்து எட்டு மணிக்குப் போகிறார்கள் என்றால், சாப்பாட்டு நேரத்தைக் கழித்தாலும் ஒன்பது மணி நேரம் வருகிறது. அதே சட்டம் சாதாரணமாக நாளுக்கு எட்டு மணி நேரம்தான் என்கிறது. அதற்கு மேல் வேலை வாங்கினால் கூடுதல் நேரச் சம்பளம் தர வேண்டும். தருகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கணக்கு நோட்டை எடுத்துப் பாருங்கள். தரவில்லை என்றால் இந்த மாதத்திலிருந்தே தொடங்கிவிடுங்கள். மனசு கேட்காமல் ஸ்டூல் வாங்கிய மனிதர் நீங்கள், இதையும் செய்வீர்கள் என்றுதான் எழுதுகிறேன். அப்புறம் கழிப்பறை. கடையில் இல்லையென்று பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்கள் நிறையப் பேர். உங்கள் கடையில் எப்படி என்று ஒருமுறை அவர்களையே கேட்டுவிடுங்கள். உங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டால், வீட்டில் அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

ஒரு மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். மூத்தவர் எந்த ஸ்டூலைத் தன்னுடையதாக்கிக்கொண்டார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.