சர்நேம் கட்டத்தில் என்ன எழுதுவது?

வாணியம்பாடியிலிருந்து இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டுக்குப் படிக்க வரும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் உருதுதான் பேசுகிறோம். பாஸ்போர்ட்டில் சர்நேம் என்றால் எதை எழுதணும் பாய்? குளிருக்குக் கோட் ஊரிலேயே வாங்கிடலாமா? ரூம் வாடகை எவ்வளவு ஆகும்?"

கோட்டை இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வாடகையைக் காலேஜில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஆனால் சர்நேமை விமானம் ஏறும் முன்பே சரிசெய்துவிடுங்கள் தம்பி.

உருது அகராதியில் 'காந்தானி நாம்', அதாவது குடும்பப் பெயர் என்று இருக்கும். நம்மில் பல வீடுகளில் அப்படி ஒன்றே கிடையாது. நமக்குத் தெரிந்தது 'நாம்', 'வல்தியத்', அதாவது நம் பெயர், அப்பா பெயர். இங்கே மிஸ்டர் போட்டுக் கூப்பிடுவதும் ஃபைலைத் தேடுவதும் சர்நேமை வைத்துத்தான்.

நான் வந்தபோது என் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலி. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று ஊர் ஏஜெண்ட் அனுப்பிவிட்டார். இங்கே காலேஜ் கடிதத்தில் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் அடித்துக் கொடுத்தார்கள். பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்பினார்கள். கணக்கு இல்லாததால் பகுதிநேர வேலையின் சம்பளமும் நின்றது. அந்தக் குளிர்காலம் முழுக்கக் கடனில்தான் ஓடியது. இன்றும் சில பழைய ஆட்கள் "எதையாவது எழுதுப்பா" என்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். 2022 நவம்பரில் அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை விடமாட்டோம் என்றே சொல்லிவிட்டது.

அப்பா பெயரைச் சர்நேமாகப் போடுங்கள். உங்கள் பெயரை முழுசாக கிவன் நேமில் வையுங்கள். 'அப்துல் ரஹ்மான்' போன்ற பெயரை மட்டும் இரண்டாக வெட்டாதீர்கள். வெட்டினால் பாதி ஊர் உங்களை 'அப்துல்' என்னும், மீதி 'மிஸ்டர் ரஹ்மான்' என்னும். ரஹ்மான் அல்லாஹ்வின் பெயர். நாம் அவனுடைய அடிமை; 'அப்துல் ரஹ்மான்' என்றால் ரஹ்மானின் அடிமை என்றுதான் பொருள். எனக்கு அது இன்றும் மனசுக்கு ஒப்பாது. அப்புறம் முகமது ஸ்பெல்லிங்: மார்க் ஷீட்டில் உள்ளதே பாஸ்போர்ட்டிலும் இருக்கட்டும்.

கல்யாணமானவர் என்றால், மனைவி பாஸ்போர்ட்டில் பேகம், பீபி என்பதைச் சர்நேமாக்காதீர்கள். அவை மரியாதைச் சொற்கள். இங்குள்ள கிளினிக்கில் 'மிஸஸ் பேகம்' என்று கூப்பிட்டால் பாதி வரிசை நிமிர்ந்து பார்க்கும். பிள்ளையின் சர்நேமும் அம்மாவின் சர்நேமும் வேறாக இருந்தால், விமான நிலையத்தில் உறவுக்கு ஆதாரம் கேட்கலாம். பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கணும்.

இங்கே பாகிஸ்தான் பக்கத்துக் காஷ்மீரில் உள்ள மீர்ப்பூர்க்காரர்கள் நிறைய. 1960களில் அங்கே மங்களா அணை கட்டியபோது ஊர்கள் மூழ்க, நிறையப் பேர் பிராட்ஃபோர்டு கம்பளி ஆலைகளுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டுச் சாச்சாவும் கம்பளி மில்லில் வேலை பார்த்தவர்தான். பெயருக்கு முன்னால் அடைமொழியாக இருந்த முகமதுவையே மில்லில் கடைசிவரை கூப்பிட்டார்கள். வீட்டில் அவரை யாரும் அப்படி அழைத்ததில்லை. சாயங்காலம் கடிதக் கட்டோடு வருவார், படித்துச் சொல்வேன், ரொட்டியும் தாலும் கொடுத்துவிடுவார். படிக்காததால் வந்த குழப்பம் என்று நம்மவர்கள் சிலர் அவர்களை இளப்பமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. பேரன் பிறந்ததும் பதிவுக்குப் போகுமுன் சாச்சா என் வீட்டு மேசையில் உட்கார்ந்தார். மகனின் பாஸ்போர்ட்டைத் திறந்துவைத்து, நான் எழுதிய ஒவ்வொரு எழுத்தையும் விரல் வைத்துச் சரிபார்த்தார்.