அழிக்க முடியாத டிக்

வணக்கம் ஐயா,

அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. கணிதம், உயிரியல் இரண்டும் இருந்த குரூப். முதல் வாரமே படிவங்களைக் கொடுத்து நிரப்பச் சொல்லிவிட்டார்கள். மொழித்தாளான பார்ட் ஒன்னுக்குத் தமிழா பிரெஞ்சா, துணைப்பாடமான அலைட் கணிதமா தாவரவியலா, தமிழ்வழியா ஆங்கிலவழியா, எல்லாவற்றுக்கும் டிக் போட வேண்டும். பிரெஞ்சில் மார்க் அள்ளலாம், கணிதம் எடுத்தால் அரியர் நிச்சயம் என்கிறார்கள் சீனியர்கள். வேதியியல் படிக்க வந்த எனக்கு மொழித்தாளும் சுற்றுச்சூழலும் எதற்கு என்றும் புரியவில்லை. என்.எஸ்.எஸ். முகாமுக்கு அம்மா விடமாட்டார். எனக்கு எம்.எஸ்சி. ஆசை, அப்பாவுக்கு நான் அரசு வேலைக்கான குரூப் 2 தேர்வு எழுத வேண்டும். எதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலாண்டு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

சீனியர்கள் எல்லா டிக்கையும் மார்க் கணக்கில் பார்க்கிறார்கள். நான் வேறு கணக்குப் போடுவேன். இந்த டிக்கைப் பின்னால் அழித்து எழுத முடியுமா, முடியாதா?

முடியாதது பயிற்றுமொழி. அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசு வேலைகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. பள்ளியெல்லாம் ஆங்கிலத்தில் படித்துவிட்டுப் பட்டத்தை மட்டும் தமிழில் முடித்தவர்களும் அதில் நுழைந்தார்கள். 2020-இல் திருத்தம் வந்தபின் அந்த வழி அடைபட்டது. ஒன்றாம் வகுப்பு முதல் அந்த வேலைக்குக் கேட்கும் படிப்பு வரை எல்லாமே தமிழ்வழியாக இருக்க வேண்டும். குரூப் 4-க்குக் கேட்பது பத்தாம் வகுப்பு, அது உங்கள் கையில் பத்திரமாக இருக்கிறது. குரூப் 2-க்குக் கேட்பது பட்டம். அங்கே ஆங்கிலவழிக்கு டிக் போட்டால் பன்னிரண்டு வருடமாகச் சேர்த்து வைத்த தகுதி அன்றோடு போச்சு. பிறகு அழுதாலும் வராது.

ஆங்கிலம் அப்படியில்லை, எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். எம்.எஸ்சி. பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும், அது உண்மை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் தமிழ்வழியில் இருந்துகொண்டு, நூலகத்தில் அதே பாடத்தின் ஆங்கிலப் புத்தகத்தையும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் படிப்பேன். இரட்டை வேலைதான். அரசு வேலை வேண்டவே வேண்டாம், ஆய்வகம்தான் என் வழி என்று நீங்கள் உறுதியாக இருந்தால் ஆங்கிலவழிக்குப் போங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் பதினேழு வயதில் அத்தனை உறுதி எனக்கு இருந்ததில்லை.

அடுத்தது அலைட். இப்போது பாடத்திட்டத்தில் எலெக்டிவ் என்று அச்சடிக்கிறார்கள், வாயில் வருவதென்னவோ அலைட்தான். கணிதம் எடுங்கள். மூன்றாம் ஆண்டில் குவாண்டம் வேதியியலில் ஷ்ரோடிங்கர் சமன்பாடு வந்து நிற்கும். வகைக்கெழு மறந்துபோனவர்கள் அதை மந்திரம்போல உருப்போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வில், வேதியியல் தாளுக்குள்ளேயே அணிக்கோவை, தொகையீடு, நிகழ்தகவு என்று கொஞ்சம் கணிதம் இருக்கிறது. தாவரவியல் நல்ல பாடம், குறையே சொல்ல மாட்டேன். பிற்பாடு தேவைப்பட்டால் புத்தகத்தை வைத்துக்கொண்டு நீங்களே படித்துவிடலாம். கணிதத்தைத் தனியாகப் பிடிப்பது கஷ்டம். எதிரே ஒருவர் கரும்பலகையில் போட்டுக் காட்டும் காலத்திலேயே அதைப் படித்துவிடுவது நல்லது. அரியர் பயம் இருந்தால் முதல் உள்தேர்வுக்கு முன்பே ஆசிரியரிடம் போய், 'எனக்கு இது புரியவில்லை' என்று சொல்லிவிடுங்கள். உங்கள் வகுப்பில் அப்படிப் போய்க் கேட்கும் முதல் ஆளாகவே நீங்கள் இருக்கக்கூடும்.

பிரெஞ்சு விஷயத்தில் சீனியர்கள் ஒன்றை மறைக்கிறார்கள், அல்லது அவர்களுக்கே தெரியாது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் பார்ட் ஒன்னுக்கு வேறு மொழி எடுத்தால், பார்ட் நாலில் சிறப்புத் தமிழ் என்று ஒரு தாள் வந்து உட்காரும். தமிழ் எடுத்தவர்களுக்கு அந்த இடத்தில் வேறு துறைப் பாடம் ஒன்று கிடைக்கும். பொருளாதாரமோ கணினியோ, உங்கள் கல்லூரி தருவதில் பிடித்ததை எடுக்கலாம். பிரெஞ்சுக்குப் போனால் தமிழிலிருந்தும் தப்ப முடியாது, அந்த வாய்ப்பும் போய்விடும். மார்க் அள்ளுவதிலும் பெரிய லாபமில்லை. பல பல்கலைக்கழகங்களில் பார்ட் வாரியாகத்தான் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று தருகிறார்கள். நாளைக்கு எம்.எஸ்சி. சேர்க்கையில் புரட்டிப் பார்ப்பது பார்ட் மூன்றை, அதாவது உங்கள் வேதியியலையும் அலைடையும். பிரெஞ்சு மேல் நிஜமாகவே ஆசை என்றால் வெளியில் கற்றுக்கொள்ளுங்கள்.

பார்ட் மூன்றைத்தான் பார்ப்பார்கள் என்றதும் மற்றதை விட்டுவிடக் கூடாது. பட்டம் என்பது பல பல்கலைக்கழகங்களில் 140 கிரெடிட், அதாவது ஒவ்வொரு தாளிலும் தேறிச் சேர்க்கும் புள்ளி. அதில் ஒன்று குறைந்தாலும் கிடையாது. சுற்றுச்சூழல் தாளை எல்லா இளநிலைப் படிப்புகளிலும் கட்டாயமாக வைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம், உங்கள் துறைத்தலைவர் நினைத்தாலும் விலக்க முடியாது. என் நண்பரின் மகன் இயற்பியலில் வகுப்பிலேயே முதல் ஆள். 'அது என்ன பெரிய தாள்' என்று சுற்றுச்சூழல் தேர்வுக்கே போகவில்லை. அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று பருவத்துக்குப் பருவம் தள்ளினான். கடைசியில் நண்பர்களெல்லாம் எம்.எஸ்சி. விண்ணப்பத்தோடு வரிசையில் நிற்க, இவன் அந்த ஒரு தாளுக்காக நவம்பர் வரை காத்திருந்தான். வருடம் போயிற்று. அந்தத் தாளுக்கு வேண்டியது தேர்வுக்கு முந்தைய மூன்று மாலைகள், அவ்வளவுதான்.

வருகைப்பதிவு 75 விழுக்காடு என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் பருவத்தில்தான் பிள்ளைகள் அதில் மாட்டுகிறார்கள். பள்ளியைப் போல யாரும் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்ல மாட்டார்கள்.

டிக் போடும் முன் துறை அலுவலகத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிமுறைப் புத்தகத்தைக் கேளுங்கள். இல்லை என்பார்கள். பல்கலைக்கழக இணையதளத்தில் பாடத்திட்டத்தோடு சேர்த்துப் போட்டிருப்பார்கள், முதல் பத்துப் பக்கம் போதும். நான் சொன்னதில் எதுவாவது அங்கே மாறியிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், என்னை அல்ல. பாடம் மாற்றிக்கொள்ள எத்தனை நாள் அவகாசம் என்பதையும் எழுத்தரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

என்.எஸ்.எஸ். முகாம் ஏழு நாள். வகுப்புக்கு வெளியே செய்யும் பணிகளுக்கான பார்ட் ஐந்துக்கு அது ஒன்றுதான் வழி என்றில்லை. என்.சி.சி., விளையாட்டு, செஞ்சிலுவைச் சங்கம் என்று உங்கள் கல்லூரியில் இருப்பதில் ஒன்றில் சேரலாம். ஆனால் முகாமுக்குப் போக உங்களுக்கே ஆசை என்றால், ஒரு நாள் அம்மாவைக் கல்லூரிக்கு அழைத்துப்போய்த் திட்ட அலுவலரிடம் நேரில் பேச வையுங்கள். போன வருடம் எந்த ஊர், எங்கே தங்கினார்கள், உடன் எந்த ஆசிரியை போனார் என்று அம்மாவே கேட்டுக்கொள்ளட்டும்.