காம்பி ஃப்ளெக்ரே எரிமலை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கம், காம்பி ஃப்ளெக்ரே எரிமலைப் பகுதியில் அடிக்கடி தரை நடுங்குகிற செய்தியைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கேள்வி: சார், படத்தில் மலையையே காணோமே?

மலையைத் தேடாதீர்கள், ஊரே எரிமலைக்குள்தான் இருக்கிறது. பழைய பெருவெடிப்புகளில் தரை உள்வாங்கி உண்டான பள்ளம் அது. அகலம் சுமார் 12 முதல் 15 கி.மீ. ஒரு பகுதி கடலுக்கடியில், மீதியில் பொட்சுவோலி என்ற துறைமுக ஊரும் நேப்பிள்ஸின் மேற்குப் பகுதிகளும். வெடிக்கும் அபாயம் வந்தால் காலிசெய்ய வேண்டிய ‘சிவப்பு மண்டலத்தில்’ ஏறக்குறைய 5 லட்சம் பேர் வசிக்கிறார்கள். கடைசி வெடிப்பு 1538இல்.

கேள்வி: எதையெல்லாம் அளக்கிறார்கள்?

நடுக்கம், தரையின் உயரம், வாயு. பக்கத்து எரிமலையான வெசூவியஸின் பெயரில் 1841இல் தொடங்கிய வெசூவியஸ் ஆய்வகம்தான் இரவு பகலாகப் பார்த்துக்கொள்கிறது. ஜி.பி.எஸ்., செயற்கைக்கோள் ரேடார், கடலடிக் கருவிகள் எல்லாம் உண்டு.

இவை வருவதற்கு முன்பே அந்த ஊரில் ஓர் அளவுகோல் இருந்தது. பொட்சுவோலியில் ரோமானியர் காலத்துச் சந்தை ஒன்றின் மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. அவற்றில் ஏழு மீட்டர் உயரம் வரை கடல் சிப்பிகள் குடைந்த ஓட்டைகள்! தரை அவ்வளவு ஆழம் கடலுக்குள் இறங்கி, மறுபடி ஏறியிருக்கிறது. இப்போதும் ஏறுகிறது: 2005 முதல் 2025 வரை நடுப்பகுதியில் சுமார் 1.4 மீட்டர். துறைமுகத்தில் தண்ணீர் வற்றி, சிறு படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கின்றன.

கேள்வி: தரை ஏறினால் வெடிக்கப்போகிறது என்றுதானே அர்த்தம், அண்ணா?

அப்படிச் சொல்லிவிட முடிந்தால் வேலை சுலபம், தம்பி. 1982 முதல் 1984க்குள் தரை சுமார் 1.8 மீட்டர் ஏறியது. பொட்சுவோலியிலிருந்து ஏறக்குறைய 40,000 பேரை வெளியேற்றினார்கள். வெடிக்கவில்லை, தரை மெல்ல இறங்கிவிட்டது. ஆனால் 1538க்கு முன்னாலும் இதே போலத்தான் ஏறியது. தள்ளுவது பாறைக்குழம்பா, அதன் சூட்டில் அழுத்தம் கூடிய நீராவியும் வாயுவுமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதனால்தான் வாயுக்களின் கலவையை விடாமல் சோதிக்கிறார்கள். என்னைக் கேட்டால், தரை எவ்வளவு ஏறியது என்பதைவிட வாயு என்ன சொல்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: 4.6 ரிக்டர் எல்லாம் ஒரு நிலநடுக்கமா?

ஆழத்தையும் பாருங்கள். 2025 மார்ச்சில் வந்த 4.6 அளவு நடுக்கம் வெறும் இரண்டு, மூன்று கி.மீ. ஆழத்தில். காலுக்கடியில் வந்தால் சுவர் விரிசல் விடும், ஓடு விழும். எரிமலை வெடிக்காவிட்டாலும் இது ஒன்றே அந்த மக்களைத் தெருவில் படுக்க வைக்கப் போதும்.

கேள்வி: அத்தனை பேரை எப்படி வெளியேற்றுவார்கள்?

பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நான்கு எச்சரிக்கை நிலைகள். 2012 கடைசியிலிருந்து மஞ்சள். சிவப்பு அறிவித்தால் 72 மணி நேரம்: கிளம்பத் தயாராக 12, வெளியேற 48, கைவசம் 12. எந்த ஊர்க்காரர் எந்த மாநிலத்துக்குப் போவது என்பதுவரை முடிவாகியிருக்கிறது. சரி, அந்தச் சிவப்பை எப்போது அறிவிப்பது? சீக்கிரம் சொல்லி ஒன்றும் நடக்காவிட்டால் அடுத்த முறை பாதிப்பேர் நகர மாட்டார்கள். தாமதித்தால் 72 மணி நேரம் கிடைக்காது. எந்தக் கருவியும் இந்த முடிவை எடுத்துத் தராது.

கேள்வி: இந்தியாவில் இப்படி உண்டா?

அந்தமானில் பாரன் தீவு. அவ்வப்போது புகைகிறது, ஆனால் அங்கே குடியிருப்பு கிடையாது.

கேள்வி: குடும்பத்தோடு நேப்பிள்ஸ் போகிறோம். சொல்ஃபத்தாரா பார்க்கலாமா?

முடியாதுங்க. 2017இல் அந்தப் புகைப்பள்ளத்தில் ஒரே குடும்பத்தில் மூவர் விழுந்து இறந்தபின் மூடிவிட்டார்கள். வெசூவியஸ் உச்சிக்குப் போகலாம், அது இப்போது பச்சை நிலையில்தான் இருக்கிறது. டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள்.