சாவா, ஆயுள் சிறையா? அமெரிக்க ஜூரிகள் பற்றிக் கேள்வி பதில்

மதுரை வாசகர்: கொலைக் குற்றவாளி என்று சொன்ன அதே பன்னிரண்டு ஜூரர்களிடம் (தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்படும் பொதுமக்கள்) மறுபடி போய் இரக்கம் கேட்பதால் என்ன பயன்?

பதில்: பயன் இருப்பதால்தான் விசாரணையே இரண்டு கட்டமாக நடக்கிறது. குற்றம் செய்தாரா என்பது முதலில்; என்ன தண்டனை என்பது பிறகு. குற்றவாளியின் குணம், வாழ்க்கை, குற்றம் நடந்த சூழ்நிலை என எதையும் ஜூரி முன் வைக்கலாம் என்று 1978-இல் லாக்கெட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சேலம் வாசகர்: வழக்கறிஞர் உருக்கமாகப் பேசினால் மனம் மாறுவார்களா?

பதில்: உருக்கத்தை நான் நம்புவதில்லை, விவரத்தை நம்புகிறேன். மேரிலாந்தில் விக்கின்ஸ் என்பவரின் வழக்கைப் பாருங்கள். அவருடைய வாழ்க்கை சிரமமானது என்று தொடக்க உரையில் ஒரு வரி சொன்ன வழக்கறிஞர், அதற்கு ஒரு சாட்சியைக்கூடக் கொண்டுவரவில்லை. மரண தண்டனை விழுந்தது. குடிகாரத் தாய் பிள்ளைகளை நாள்கணக்கில் தனியே விட்டுப் போனதும், பசியில் அவர்கள் சுவரில் உரிந்த பெயின்ட்டையும் குப்பையையும் தின்றதும், அவள் மகனின் கையைச் சூடான அடுப்பில் வைத்து அழுத்தியதும் பின்னர்தான் வெளிவந்தன. இவற்றைக் கேட்டிருந்தால் ஒரு ஜூரராவது வேறு முடிவெடுத்திருக்கக்கூடும் என்று கூறி, 2003-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

சென்னை வாசகர்: ஒருவர் மறுத்தால் போதுமா?

பதில்: மரண தண்டனை உள்ள பெரும்பாலான மாநிலங்களில் போதும். ஃப்ளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேரைச் சுட்டுக் கொன்றவனுக்கு 2022-இல் ஒன்பது பேர் மரணம் என்றார்கள், மூன்று பேர் ஆயுள் என்றார்கள், ஆயுள்தான் கிடைத்தது. கொதித்துப்போன மாநில அரசு, மறு ஆண்டே மரண தண்டனைக்கு எட்டுப் பேர் ஒத்துக்கொண்டால் போதும் என்று சட்டத்தை மாற்றியது.

ஈரோடு வாசகர்: வெளியே வந்து மறுபடி கொல்வானே என்ற பயம் இருக்காதா?

பதில்: இருக்கும். இரக்கத்துக்குப் பெரிய எதிரியே அந்தப் பயம்தான். ஆயுள் என்றால் பரோலே கிடையாது என்று தெளிவாகத் தெரிந்தால் பலருடைய கை தளரும். எதிர்கால ஆபத்தைக் காட்டி அரசுத் தரப்பு வாதாடும்போது, பரோல் இல்லை என்பதை ஜூரி அறிய வழிசெய்ய வேண்டும் என்று 1994-இல் சிம்மன்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. சிறையில் ஒழுங்காக நடந்துகொண்டான் என்று காவலர் சொல்லும் சாட்சியமும் இங்கே உதவும்.

நெல்லை வாசகர்: வருத்தம் தெரிவித்தால்?

பதில்: உண்மையாக இருந்தால் உதவும். ஆனால் சாட்சிக் கூண்டில் சொல்வதைவிட, இறந்தவரின் தாய் பேசும்போது அவன் முகம் எப்படி இருக்கிறது என்பதையே ஜூரர்கள் பார்க்கிறார்கள். மருந்தின் வேகத்தில் உணர்ச்சியற்று உட்கார்ந்திருப்பவனைக்கூடக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிடுவார்கள். வழக்கறிஞர் அதை முன்கூட்டியே விளக்க வேண்டும்.

தஞ்சை வாசகர்: நம் நாட்டில்?

பதில்: இங்கே ஜூரி இல்லை, நீதிபதியே முடிவு செய்கிறார். குற்றவாளியின் பின்னணியையும் மனநல அறிக்கையையும் விசாரணை நீதிமன்றமே கேட்டுப் பெற வேண்டும் என்று 2022-இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு முன் பல வழக்குகளில் தண்டனை பற்றிய வாதம், தீர்ப்பு வந்த அதே நாளில் அவசரமாக முடிந்துபோனது.