ஜவ்வு ஆபரேஷன் முடிந்து நாலு மாதம்: பொங்கல் கபடியில் இறங்கலாமா?

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் ஊர். என் மகனுக்கு 17 வயது, ஊர் அணியில் ரெய்டு போகிறவன். ஆகஸ்டில் இடது முழங்கால் ஜவ்வு கிழிந்து, செப்டம்பரில் மதுரையில் ஆபரேஷன் செய்தோம். தொடையிலிருந்து எடுத்து வைத்ததாகச் சொன்னார்கள். ஆறு வாரத்தோடு பிசியோதெரபியை நிறுத்திவிட்டோம். இப்போது வலியே இல்லை. பொங்கல் போட்டியில் ஆடியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஜிம்மில் சேர்க்கலாமா?

பதில்: இந்தப் பொங்கலுக்குக் கபடி வேண்டாம் அம்மா. ஜிம்மில் சேர்க்கலாம், ஆனால் பிசியோதெரபிஸ்ட் பார்த்த பிறகு.

வலி போய்விட்டதால்தான் பையன்கள் ஏமாறுகிறார்கள். தொடையிலிருந்து எடுத்து வைத்த நாருக்கு முதலில் ரத்த ஓட்டமே கிடையாது. புது ரத்தக் குழாய் வளர்ந்து, அது முழு ஜவ்வாக மாற ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். வலி அதற்கு வெகு முன்னாலேயே ஓடிவிடும். 25 வயதுக்குள் ஆபரேஷன் செய்துகொண்டு ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்களில் நாலைந்து பேரில் ஒருவருக்கு இந்த முட்டியிலோ அடுத்த முட்டியிலோ மறுபடி கிழிகிறது. அதனால்தான் குறைந்தது 9 மாதம் என்கிறோம். கபடியில் கணுக்காலை ஒருவன் பிடித்திருக்க, உடம்பு நடுக்கோட்டை நோக்கித் திரும்பும். முட்டிக்கு அதைவிடக் கெட்ட முறுக்கல் இல்லை.

ஆறு வாரத்தில் நிறுத்தியதுதான் எனக்குக் கவலை. முட்டி வீங்கினாலே முன்தொடைத் தசை சோம்பிப்போகும், பிறகு சூம்பும். முட்டிச் சில்லுக்கு மேல் ஒரு சாண் தள்ளி இரண்டு தொடையையும் தையல் டேப்பால் அளந்து பாருங்கள், புரிந்துவிடும். எண்ணெய் போட்டு நீவினால் சுகமாக இருக்கும், சதை வளராது. சுமை கொடுத்தால்தான் வளரும்.

சுமையைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். சுவரில் சாய்ந்து பாதி உட்கார்ந்து எழுவது, படி ஏறி இறங்குவது, அப்புறம் லெக் பிரஸ் (ஜிம் மெஷினில் உட்கார்ந்து காலால் எடையைத் தள்ளுவது), கடைசியில் ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுவது. வாரத்தில் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. பத்துப் பன்னிரண்டு முறை சுலபமாக வந்தால் மட்டும் எடையைக் கொஞ்சம் கூட்டலாம். ஆபரேஷன் காலைத் தனியாகச் செய்ய வையுங்கள். இரண்டு காலும் சேர்ந்தால் நல்ல கால் மொத்த வேலையையும் வாங்கிக்கொள்ளும், பையனுக்கே தெரியாது. காலை மடக்கும் பின்தொடைப் பயிற்சியை மெதுவாகத் தொடங்குங்கள், நார் எடுத்த இடம் அது.

மறுநாள் காலையில் முட்டியைப் பாருங்கள். வீக்கம் இருந்தால் முந்தைய நாள் சுமை அதிகம், ஒரு படி இறங்குங்கள்.

ஓட்டம் தொடங்க, ஆபரேஷன் காலின் முன்தொடை பலம் நல்ல காலின் பலத்தில் 70 சதவீதமாவது வர வேண்டும். ஆட்டத்துக்கு 90. ஒற்றைக்காலில் தாண்டும் தூரத்திலும் அதே கணக்கு. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நண்பர்கள் ஓடுகிறார்கள் என்று இவனும் ஓட வேண்டியதில்லை.

சாப்பாட்டில் முட்டை, பயறு, வேர்க்கடலை, மீன் தினமும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். முட்டி திடீரென மடங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, காய்ச்சலோடு சிவந்து வீங்கினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றைக்கே போக வேண்டும்.